அப்பாவின் ஸ்கூட்டர் காட்டும் 2.4 கிலோமீட்டர்

"மேடம், எனக்கு 22 வயது. மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன், வீடு ஆதம்பாக்கம். ராணுவத்தில் ஷார்ட் சர்வீஸ் டெக்னிக்கல் என்ட்ரிக்கு (இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கான குறுகிய கால அதிகாரி வேலை) எஸ்.எஸ்.பி. எனும் அதிகாரித் தேர்வில் ரெகமண்ட் ஆகிவிட்டேன், மெடிக்கலிலும் ஃபிட். மெரிட் லிஸ்ட்டில் பெயர் வந்தால் அக்டோபரில் பரங்கிமலை ஓ.டி.ஏ.வில், அதாவது ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில், சேர வேண்டும். 2.4 கிலோமீட்டர் ஓட 15 நிமிடம் 30 விநாடி ஆகிறது. தண்டால் 6 வரும், புல்-அப்ஸ் ஒன்றுகூட வரவில்லை. ஒரு வீடியோவைப் பார்த்து ஆறு வாரமாகத் தினமும் இன்டர்வல் (கொஞ்ச தூரம் வேகமாக ஓடி, கொஞ்சம் நடந்து, மறுபடி வேகமாக) ஓடுகிறேன். நேரம் குறையவே இல்லை, இப்போது இரண்டு ஷின்னும் (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம்) வலிக்கிறது. எடை குறையட்டும் என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். தெருநாய்களுக்குப் பயந்து அப்பா ஸ்கூட்டரில் பின்னாலேயே வருகிறார், தூரம் அளப்பதும் அவர்தான். இப்போதிருந்தே பூட்ஸ் போட்டு, பையில் கல் வைத்து ஓடிப் பழக வேண்டுமா?"

தங்கச்சி, முதலில் அப்பாவுக்கு ஒரு வணக்கம். காலை ஐந்தரைக்கு மகளுக்குப் பின்னால் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஸ்கூட்டர் ஓட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனால் அவர் அளந்த 2.4 கிலோமீட்டரை நான் நம்பமாட்டேன். ஸ்கூட்டர் மீட்டர் சக்கரம் சுற்றியதைத்தான் எண்ணும். டயர் தேய்மானம், காற்று, நாய்க்காக அவர் அடித்த வளைவு எல்லாம் அதில் சேர்ந்துவிடும். நூறு மீட்டர் கூடக் குறைய இருந்தால் உங்கள் நேரத்தில் கிட்டத்தட்ட நாற்பது விநாடி எகிறும். ஆறு வாரமாக நேரம் குறையவில்லை என்கிறீர்களே, அதில் பாதி இந்த மீட்டரின் கைங்கரியமாகக்கூட இருக்கலாம். மாதம் ஒருமுறையாவது அளந்து போட்ட 400 மீட்டர் டிராக்கில், உள் லேனில் ஆறு சுற்று ஓடிப் பாருங்கள். நீங்கள் படித்த கல்லூரி மைதானத்தில் டிராக் இருந்தால் அதுவே போதும், பழைய பி.டி. மாஸ்டரிடம் கேட்டால் உள்ளே விடாமல் இருக்கமாட்டார்.

இனி கணக்கு. டெக்னிக்கல் என்ட்ரி அறிவிக்கைகளில், சேரும்போது பெண்களிடம் எதிர்பார்ப்பதாகப் போட்டிருப்பது இது: 2.4 கிலோமீட்டர் 13 நிமிடத்தில், தண்டால் 15, புல்-அப்ஸ் 2, சிட்-அப்ஸ் 25, பஸ்கி முப்பது முப்பதாக இரண்டு செட், லஞ்சஸ் (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி இறங்கி எழுவது) பத்துப் பத்தாக இரண்டு செட், அடிப்படை நீச்சல். (ஆண்களுக்கு 10 நிமிடம் 30 விநாடி, 40 தண்டால், 6 புல்-அப்ஸ் என்று போகும்.) உங்கள் கைக்கு வரும் சேர்க்கைக் கடிதத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் கடைசி வார்த்தை. 13 நிமிடத்தை ஆறு சுற்றால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 10 விநாடி. நீங்கள் இப்போது ஓடுவது 2 நிமிடம் 35 விநாடி. சுற்றுக்கு 25 விநாடி குறைய வேண்டும், அக்டோபருக்கு இன்னும் சுமார் 20 வாரம் இருக்கிறது. முடியும். ஆனால் இப்போது செய்கிற விதத்தில் முடியாது.

அதற்கு முன் ஷின்.

இன்று ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தோலுக்கடியில் தட்டுப்படுகிற அந்த நீள எலும்பின் உள்ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே கணுக்கால் வரைக்கும் போங்கள். ஒரு சாண் நீளத்துக்கு அங்கங்கே லேசாக வலித்தால், ஓட ஆரம்பிக்கும்போது வலித்து உடம்பு சூடானதும் குறைந்தால், அது பெரும்பாலும் எல்லோரும் ஷின் ஸ்ப்ளின்ட் என்று சொல்கிற சங்கதி. ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரே ஒரு இடம், விரல் நுனி அளவுக்கு, தொட்டால் துள்ளுகிற மாதிரி வலித்தாலோ, அந்தக் காலில் மட்டும் நின்று குதித்தால் சுருக்கென்றாலோ, ராத்திரி படுத்த பிறகும் விண்விண்ணென்றாலோ, அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். எலும்பில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் முதல் சில வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். "எக்ஸ்ரே நார்மல்தானே" என்று திரும்ப ஓடப் போய் முழுசாக உடைத்துக்கொண்டு வந்தவர்களை என் பிசியோதெரபி டேபிளில் பார்த்திருக்கிறேன்.

நானும் அப்படி ஒருத்திதான். கல்லூரியில் 800 மீட்டர் ஓடினேன். மண்டல மீட்டுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது எங்கள் கோச் தினமும் வாந்தி வருகிற அளவுக்கு ஓட வைத்தார், வலிக்கிறது என்றால் "பொம்பளப் புள்ளைங்கன்னாலே இதான்" என்பார். ரோஷத்தில் ஓடினேன். மீட்டன்று வலது காலில் மாவுக்கட்டோடு கேலரியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டேன். பிசியோதெரபி பக்கம் வந்ததற்கு அந்தக் கால்தான் காரணம் என்பதால் இப்போது கோபம் இல்லை, ஆனால் 'தினமும் இன்டர்வல்' என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த மாவுக்கட்டு அரிக்க ஆரம்பித்துவிடும்.

விஷயம் இதுதான். மூச்சும் இதயமும் சீக்கிரம் பழகும், நாலைந்து வாரத்தில் மாடிப்படி ஏறும்போதே வித்தியாசம் தெரியும். எலும்பும் தசைநாரும் அப்படி இல்லை. புதுப் பாரம் விழுந்தால் எலும்பு முதலில் பழைய இடத்தைக் கரைத்துவிட்டு அப்புறம்தான் புதிதாகக் கட்டும். நடுவில் சில வாரம் முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும். தளம் போட்டுவிட்டு சென்ட்ரிங் பிரிக்க நாள் கணக்குப் பார்ப்பார்கள் இல்லையா, அதுமாதிரி. நீங்கள் ஆறு வாரமாக, தளம் காய்வதற்குள் தினமும் மேலே ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறீர்கள். ராணுவப் பயிற்சிகளில் இந்த விரிசல் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருவது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். பரங்கிமலையில் 1992-லிருந்து பெண்கள் பயிற்சி எடுக்கிறார்கள், மொத்தம் 49 வாரம். அந்த 49 வாரத்தில் உங்களை ஓடவைக்க, கயிறு ஏறவைக்க, பள்ளம் தாண்டவைக்க ஆள் போட்டு, நேரம் போட்டு, விசில் ஊதிக் காத்திருக்கிறார்கள். வெளியே இருக்கிறவரை உங்கள் வேலை, ஓரளவு தயாராக, முக்கியமாக முழுக் காலோடு கேட்டைத் தாண்டுவதுதான்.

அதனால் முதல் மூன்று வாரம் இன்டர்வலே கிடையாது. (ஸ்கேன் கேட்கிற வலியாக இருந்தால் டாக்டர் சொன்ன பிறகுதான் இதெல்லாம்.) வாரம் நாலு நாள், முப்பது நிமிடம், மூன்று நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாறி மாறி. மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? அதற்கும் அப்பா இருக்கிறார். ஸ்கூட்டரைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, நேற்று என்ன சமையல், பக்கத்து வீட்டில் என்ன சண்டை என்று முழு வாக்கியமாகக் கதை பேசிக்கொண்டு ஓடுங்கள். பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். முதல் வாரம் வெட்கமாக இருக்கும், வாக்கிங் போகிற தாத்தாக்களே உங்களை முந்துவார்கள். முந்தட்டும். மெல்லோட்டத்தில் தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகும், அந்த அடித்தளம் இல்லாமல்தான் உங்கள் இன்டர்வல் ஆறு வாரமும் அதே இடத்தில் நின்றது. தினமும் களைத்த காலோடு ஓடினால் வேகமான நாளும் வேகமாக இருக்காது, மெதுவான நாளும் மெதுவாக இருக்காது, எல்லாம் ஒரே சாம்பார்தான்.

நாலாவது வாரம், நடக்கும்போதும் படி இறங்கும்போதும் வலி சுத்தமாக இல்லை என்றால், வாரத்துக்கு ஒரு நாள் இன்டர்வல். பத்து நிமிடம் மெல்லோட்டம் ஓடி உடம்பு சூடான பிறகு, 200 மீட்டர் 70 விநாடியில், அப்புறம் 200 மீட்டர் நடை, இப்படி ஆறு முறை, அடுத்தடுத்த வாரங்களில் எட்டு முறை. ஏழாவது வாரத்திலிருந்து 400 மீட்டருக்கு மாறுங்கள்: 2 நிமிடம் 20 விநாடியில் ஐந்து சுற்று, நடுநடுவே இரண்டு நிமிடம் நடை. பத்தாவது வாரம் வாக்கில் 2.15-ல் (2 நிமிடம் 15 விநாடி) ஆறு சுற்று. பதின்மூன்று, பதினாலாவது வாரத்தில் 2.10-ல் ஆறு சுற்று, இடைவெளி ஒன்றரை நிமிடமாகக் குறையட்டும். அதற்கப்புறம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், 800 மீட்டர் மூன்று முறை, ஒவ்வொன்றும் 4.20. ஆறு சுற்றை 2.10-ல் இடைவெளி விட்டு ஓட முடிகிறவருக்கு, இடைவெளி இல்லாமல் ஓடுவது அதற்கு மேல் சில வார வேலைதான்.

இதில் ஒரே ஒரு விதியை மட்டும் ஃப்ரிட்ஜில் ஒட்டி வையுங்கள்: கடைசிச் சுற்றும் முதல் சுற்றும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். முதல் சுற்று 1.55, கடைசிச் சுற்று 2.50 என்று ஓடினால் அது வீரம் மாதிரி தெரியும், பலன் சொற்பம். முந்தைய சுற்றைவிட ஐந்து விநாடிக்கு மேல் இழுத்தால் அன்றைக்கு அத்தோடு போதும், வீட்டுக்குப் போய்க் குளியுங்கள். பத்தாவது வாரத்துக்குப் பிறகு கால் ஒத்துழைத்தால் இரண்டாவதாக ஒரு வேகமான நாள் சேர்க்கலாம். அதற்கு டிராக் வேண்டாம். தெருவிலேயே ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெதுவாக, எட்டு முறை. வாரத்துக்கு இரண்டு வேகமான நாள், அதற்கு மேல் கிடையாது. நடுவில் குறைந்தது 48 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நீளமான மெல்லோட்டம், நாலு கிலோமீட்டரில் தொடங்கி மெல்ல மெல்ல எட்டு வரை.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த அட்டவணை எல்லாம் ஊட்டியில் இருப்பவர்களுக்கு எழுதியதுபோல் இருக்கும். நம் ஊரில் கத்திரியில் விடிகாலை ஐந்து மணிக்கு வெயில் இருக்காது, ஆனால் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும், வேர்வை காயாது, காயாத வேர்வை உடம்பைக் குளிரவைக்காது. அன்றைக்கு 2.20 ஓட வேண்டிய இடத்தில் 2.28 வந்தால் நீங்கள் தேய்ந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. அதே உழைப்புதான், வானிலை எட்டு விநாடியைச் சாப்பிட்டுவிட்டது. தலை சுற்றல், குளிர் நடுக்கம், வேர்க்காமல் உடம்பு கொதிப்பது, இதில் எது வந்தாலும் நிழலில் உட்கார்ந்து தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும், 'இன்னும் ஒரு சுற்று' பேச்சே கூடாது. வந்ததும் உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர். மெரினா, பெசன்ட் நகர் மணலில் ஓடினால் கால் உறுதியாகும் என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் வரும். ஷின் வலியோடு இருக்கிற உங்களுக்கு இப்போது உதிரி மணல் வேண்டாம்.

தண்டாலுக்கு வருவோம். முழங்காலை ஊன்றிச் செய்வதைவிட, கையை உயரத்தில் வைத்துச் செய்வது எனக்குப் பிடித்த முறை, தலை முதல் குதிகால் வரை உடம்பு ஒரே கோட்டில் இருக்கப் பழகும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் தொடங்குங்கள், பன்னிரண்டு சுத்தமாக வந்தால் மாடிப்படியில் நாலாவது படி, அப்புறம் இரண்டாவது, அப்புறம் தரை. தரையில் உங்களுக்கு ஆறுதான் வரும் என்றால் ஆறு ஆறாக முக்காதீர்கள். மூன்று மூன்றாக, நாள் முழுக்கப் பிரித்து ஐந்தாறு முறை. காபி போடப் போகும்போது மூன்று, குளிக்கப் போகும் முன் மூன்று. ஐந்து மாதத்தில் 15 தாண்டிவிடுவீர்கள், இதற்கு நான் கவலைப்படவில்லை.

புல்-அப்ஸ்தான் பெண்கள் எல்லோரும் பயப்படுவது. இதில் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குப் போவதுதான் தூரம், ஒன்றிலிருந்து இரண்டு பக்கத்துத் தெரு. மாநகராட்சிப் பூங்காக்களில் உடற்பயிற்சிக் கருவி போட்டிருக்கிறார்களே, அங்கே கம்பி இருக்கிறதா என்று பாருங்கள், ஆடாத கம்பியாக. (தண்ணீர் டேங்க் பைப்பில் தொங்காதீர்கள். ஒரு பையன் பைப்போடு வந்தான்.) முதலில் சும்மா தொங்குங்கள், இருபது விநாடி, மூன்று முறை, தொங்கியபடியே முழங்கையை மடக்காமல் தோள்பட்டையை மட்டும் காதிலிருந்து கீழே இழுத்து விடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, ஸ்டூல் போட்டு ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கிற நிலையில் ஆரம்பித்து, ஐந்து விநாடி எண்ணிக்கொண்டே மெல்ல இறங்குங்கள். அவ்வளவுதான், ஏறுவது ஸ்டூல் வேலை, இறங்குவது மட்டும் உங்கள் வேலை. ஒரு நாளைக்கு நாலைந்து இறக்கம், வாரம் மூன்று நாள். ஒரு இறக்கத்தைப் பத்து விநாடிக்கு இழுக்க முடிகிற வாரத்தில், ஸ்டூல் இல்லாமல் முயன்று பாருங்கள்.

பஸ்கி, லஞ்சஸ், சிட்-அப்ஸ் உங்களுக்குத் தானாக வரும், நீட்டி முழக்கவில்லை. யாரும் சொல்லாத ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: படி ஓரத்தில் முன்பாதம் மட்டும் வைத்து, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது. கெண்டைக்கால் தளர்ந்தால் அது தாங்க வேண்டிய அடியை ஷின் தாங்கும். ஒவ்வொரு காலுக்கும் பன்னிரண்டில் ஆரம்பித்து இருபத்தைந்து வரை போங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். நீச்சல் தெரியாவிட்டால் வேளச்சேரியில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளம் உங்களுக்குப் பக்கம்தான், இப்போதே சேருங்கள். வேகமாக ஓடக் கூடாத இந்த மூன்று வாரத்துக்கு அதைவிட நல்ல மூச்சுப் பயிற்சியும் இல்லை.

பூட்ஸும் கல்லும் வேண்டாம். உள்ளே போனபின் பி.பி.இ.டி. என்று ஒரு டெஸ்ட் உண்டு, முதுகில் பையும் கையில் துப்பாக்கியுமாக ஐந்து கிலோமீட்டர். அதற்குப் படிப்படியாக அவர்களே கொண்டுபோவார்கள். வேண்டுமானால் கடைசி ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு நாள், நாலைந்து கிலோ பையோடு ஒரு மணி நேரம் நடங்கள். நடை மட்டும். ஓட்ட ஷூவைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்து வழவழவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள், இந்தத் தயாரிப்பு முழுவதிலும் காசு பார்க்கக் கூடாத இடம் அதுதான்.

இரவுச் சாப்பாடு. இதை அக்காவாகச் சொல்கிறேன், நாளையிலிருந்து சாப்பிடுங்கள். ஓடுகிற உடம்புக்குத் தீனி போதவில்லை என்றால் அது முதலில் கைவைப்பது மாதவிடாயிலும் எலும்பிலும். கடந்த இரண்டு மூன்று மாதத்தில் தேதி தள்ளிப்போயிருந்தாலோ வராமலே இருந்தாலோ, அதை 'ஓட்டத்தால்தான்' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், ஷின் வலியைக் காட்டப் போகும்போது அதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட்) ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து குறைந்திருந்தால் என்ன ஓடினாலும் நேரம் இறங்காது, உங்கள் ஆறு வாரத்துக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஓடப் போகும் முன் ஒரு வாழைப்பழம், வந்ததும் இட்லியோடு இரண்டு முட்டை, அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். முருங்கைக்கீரை, கம்பு, கொஞ்சம் எலுமிச்சை. சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், அது உணவில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது, ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

மூன்று வாரம் கழித்து ஷின் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், எந்த இடத்தில் எத்தனை விரல் அகலத்துக்கு வலிக்கிறது என்பதையும் சேர்த்து. முதல் டிராக் நாளில் அப்பாவை ஸ்கூட்டரை வெளியே நிறுத்திவிட்டு ஸ்டாப்வாட்ச்சோடு உள்ளே வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் விநாடியை மட்டும் சத்தமாகச் சொன்னால் போதும். "ஓடு ஓடு" என்று கத்தக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.